வலி போய்விட்டது, கால் தேறிவிட்டதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முதலிடம் பெறுவது இதுதான்: "சார், பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பையன் கேம்ஸ் ஆடுகிறான். இதைத் தவிர வீட்டுக்கு உருப்படியாக இதில் என்ன செய்யலாம்?" வீட்டுக் கணக்கு எழுதலாம், கரண்ட் பில் கட்டலாம் என்று முன்பெல்லாம் சொல்வேன். இப்போது வேறு ஒரு பதிலும் வைத்திருக்கிறேன். அடிபட்ட காலையோ கையையோ மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது உதவும். டாக்டராக அல்ல, கணக்குப்பிள்ளையாக.

பைல், போல்டர், வைரஸ் என்று பேசும் பத்திரிகையில் கணுக்காலுக்கு என்ன வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

இரண்டு முறை விழுந்த கதை

நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரில் ஒரு சிறிய டி.டி.பி. கடையும், அதிலேயே கம்ப்யூட்டர் வகுப்பும் நடத்துகிறேன். எங்கள் ஊர் நெசவு ஊர். அப்பா கைத்தறி நெசவாளர். நெய்த சேலைகளை சேலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, நூல் வாங்கிவருவது என் பொறுப்பு. நாள் முழுக்க மானிட்டர் முன் உட்காருகிறவன் என்பதால், மாலையில் ஒரு மணி நேரம் வாலிபால் ஆடுவேன்.

போன வருடம் ஜூலையில் ஒரு நாள், வலைக்கு அருகில் எகிறிக் குதித்தபோது இன்னொருவரின் பாதத்தின் மேல் என் வலது கால் இறங்கிவிட்டது. கணுக்கால் உள்பக்கம் மடங்கியது. வீக்கம், நீலம், எல்லாம் வந்தன. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, வெளிப்பக்க தசைநார் பிசகியிருக்கிறது என்றார்கள். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. படியேறினேன், வண்டி ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. 17-வது நாள் மறுபடி மைதானத்தில் இறங்கினேன். நாலாவது பந்து. யாரும் மோதவில்லை, யார் காலையும் மிதிக்கவில்லை. சாதாரணமாகக் குதித்து இறங்கிய இடத்தில் அதே கால், அதே பக்கம், மறுபடி மடங்கியது.

இந்த முறை பத்து நாள் காலை ஊன்ற முடியவில்லை. தீபாவளிச் சரக்கு ஓடும் நேரம் அது. நான் எடுத்துப் போக வேண்டிய சேலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அறுபதைத் தாண்டிய அப்பா பஸ் ஏறிப் போனார். திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறை அடிபட்டது விபத்து. இரண்டாவது முறை அடிபட்டதற்கு என் அவசரம்தான் காரணம். அதை யோசித்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

அப்பா திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "ஏங்கண்ணு, அறுந்த இழைய முடிஞ்ச கையோட நாலு அடி மெதுவா அடிச்சுப் பாக்கோணும். எடுத்ததும் ஓங்கி அடிச்சா அதே எடத்துல மறுபடி அறுந்துக்கும்." தறியில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்குத்தான் தெரியவில்லை.

வலி நின்றால் வேலை முடிந்ததா?

கிழிந்த தசைநார் எப்படிச் சேருகிறது என்று தெரிந்தால் இந்த அவசரம் வராது. முதல் சில நாட்கள் வீக்கமும் சூடும் இருக்கும். அடுத்த சில வாரங்களில் உடல் புதிதாக கொலாஜன் என்ற புரத நார்களைப் போட்டு இடைவெளியை நிரப்புகிறது. ஆனால் அவை அவசரத்தில் அள்ளிப் போட்ட நூல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். எந்தத் திசையில் இழுவிசை வருகிறதோ அந்தத் திசையில் அவை ஒழுங்காகி உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். வலி பெரும்பாலும் இரண்டாவது கட்டத்திலேயே அடங்கிவிடுகிறது. மூன்றாவது கட்டம் அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கணுக்காலின் தசைநாரிலும் சுற்றியுள்ள தசைகளிலும், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அடிபட்டால் அந்தச் செய்தியும் தடுமாறும். பாதம் சரிகிறது என்ற தகவல் தாமதமாகப் போனால் தசை தாமதமாக இறுகும். அதற்குள் கால் மடங்கிவிடும். யாரும் மோதாமலே நான் விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று பிறகு பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்.

இதற்கு மருந்து சமநிலைப் பயிற்சி. ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, பிறகு மடித்த போர்வை மேல் நிற்பது என்று படிப்படியாகப் போகும். நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டு வீரர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு 8 வாரம் வீட்டிலேயே இப்படிப் பயிற்சி செய்தவர்களுக்கு, மறுபடி பிசகும் அபாயம் மற்றவர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், ஜிம் இல்லை, பெரிய கருவி இல்லை. வீட்டிலேயே செய்தது.

சின்னப்பம்பட்டிக்காரரைப் பாருங்கள்

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜனை எல்லோருக்கும் தெரியும். அப்பா தறிக்கூலி, அம்மா சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் போட்டியிலும் டி20-யிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவர். ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் ஊர்வலம் விட்டார்கள்.

மூன்றே மாதம். 2021 ஐ.பி.எல்.லில் இரண்டு ஆட்டம் ஆடியதும் முழங்கால் தொந்தரவு. ஏப்ரல் கடைசியில் அறுவை சிகிச்சை. புகழின் உச்சியில் இருக்கும் ஒருவருக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பரில் ஐ.பி.எல்.லின் மீதி ஆட்டங்களுக்குப் போனபோது கொரோனா வந்துவிட்டது. அடுத்த ஐ.பி.எல். 2022-ல். அதில் 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2024-ல் 19 விக்கெட். இடையில் 2023-ல் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானமும் திறந்தார்.

அறுவை சிகிச்சைக்கும் அந்த 18 விக்கெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடம். டாக்டர்கள், பயிற்சியாளர்கள் என்று பெரிய படையே பின்னால் இருக்கும் தொழில்முறை வீரருக்கே இவ்வளவு காலம் ஆகிறது. யாரும் பின்னால் இல்லாத நான் 17 நாளில் கிளம்பினேன்!

முழங்காலின் முன்பக்க சிலுவைத் தசைநாருக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து 2016-ல் நார்வே ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி அடிபடும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கணுக்காலுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஆனால் நாள்காட்டியை மதிக்க வேண்டும் என்பது எல்லா மூட்டுக்கும் பொது.

படுத்தே கிடப்பதும் தவறு

அதற்காக மூன்று மாதம் கட்டிலில் படுத்துக்கொள்ளவும் கூடாது. எங்கள் பக்கத்தில் கட்டுப் போட்டால் "அசையாம கெட" என்பார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் ஒரே சொல்லாகச் சுருக்கி 'ரைஸ்' என்று பெயர் வைத்தார். உலகமே அதைப் பின்பற்றியது. அதே மிர்கின் 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தானே எழுதினார். நார்கள் ஒழுங்காக வேண்டுமானால் இழுவிசை வேண்டும். அசைக்காத காலில் தசை இளைக்கும், மூட்டு இறுகும்.

ஆக, சீக்கிரம் போனாலும் தப்பு, போகாமல் இருந்தாலும் தப்பு. நடுவில் இருக்கும் அளவு எது? அது ஆளுக்கு ஆள், வாரத்துக்கு வாரம் மாறும். அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன்.

எண்ணிப் பார்த்த டாக்டர்

இந்தக் கணக்கு வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காலில் அடிபட்ட அமெரிக்க வீரர்கள் மாதக்கணக்கில் மருத்துவமனைகளில் தேங்கிக் கிடந்தார்கள். சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்த தாமஸ் டிலார்ம் என்ற இளம் டாக்டர், சிறுவயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பிறகு எடை தூக்கியே தன் உடம்பைத் தேற்றிக்கொண்டவர். அதே வழியை நோயாளிகளுக்கும் செய்து பார்த்து 1945-ல் கட்டுரை எழுதினார்.

அவர் முறையின் உயிர் எடையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஒருவரால் 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. 1948-ல் அவரும் வாட்கின்ஸ் என்பவரும் சொன்னபடி, முதலில் அதில் பாதி எடையை 10 முறை, பிறகு முக்கால் எடையை 10 முறை, பிறகு முழு எடையை 10 முறை தூக்கு. சில நாட்கள் கழித்து அந்தப் '10 முறை எடை' எவ்வளவு என்று மறுபடி அளந்து, கூட்டு. இன்று ஜிம்மில் "மூணு செட், பத்து ரெப்" என்கிறார்களே, அது இங்கிருந்து வந்ததுதான். "தெம்பாக இருக்கிறதா?" என்று கேட்பதற்குப் பதிலாக "எத்தனை?" என்று கேட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு நெட்டு வரிசை போதும்

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இருந்தால் எக்ஸெல். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், கூகுள் ஷீட்ஸும் இலவசம். புதிய பைலைத் திறந்து முதல் படுக்கை வரிசையில் இந்த ஆறு தலைப்புகளைத் தட்டுங்கள்: தேதி, பயிற்சி, எவ்வளவு, செய்யும்போது வலி, மறுநாள் காலை வலி, குறிப்பு.

தேதியைத் தட்டச்சு செய்யக்கூட வேண்டாம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால் அன்றைய தேதி வந்துவிடும். 'எவ்வளவு' என்ற இடத்தில் நிமிடமோ எண்ணிக்கையோ, எண்ணாக மட்டும் கொடுங்கள். "கொஞ்சம்", "நிறைய" என்று எழுதினால் பின்னால் சார்ட் போட முடியாது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். 0 என்றால் இல்லை, 10 என்றால் தாங்க முடியாதது.

இந்த ஆறில் மிக முக்கியமானது ஐந்தாவது வரிசை. 1997-ல் ரோலண்ட் தொமே என்ற ஸ்வீடன் பிசியோதெரபிஸ்ட் முழங்கால் முன்பக்க வலிக்காரர்களுக்கு ஒரு விதி வகுத்தார். பயிற்சியில் வலி 2 வரை பாதுகாப்பு, 5 வரை ஏற்கலாம், அதற்கு மேல் கூடாது. எப்படியிருந்தாலும் மறுநாள் காலைக்குள் அது அடங்கியிருக்க வேண்டும். என் பிசியோதெரபிஸ்ட் என் காலுக்கு இன்னும் கறாராக 3 என்று எல்லை போட்டார். உங்களுக்கு எது எல்லை என்பதை உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லட்டும்.

அந்த எல்லையை எக்ஸெல்லிடம் சொல்லிவைக்கலாம். ஐந்தாவது வரிசை முழுவதையும் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் கிரேட்டர் தேன் என்று போய் 3 என்று கொடுங்கள். 3-ஐத் தாண்டும் நாள் தானாகவே சிவப்பாகும். சிவப்பு வந்தால் முந்தைய அளவுக்கு இறங்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு இல்லையென்றால் கொஞ்சம் ஏற்றலாம். இவ்வளவுதான் சட்டம். மறக்காமல் கன்ட்ரோல் எஸ் அழுத்தி சேவ் செய்யுங்கள்.

என் பைலில் முதல் வாரம் வெறும் ஐந்து நிமிட நடை, காலையும் மாலையும். அப்புறம் ஏரிக்கரையில் பத்து நிமிடம். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 10 முறை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. பெருமைப்படும்படி ஒன்றும் இல்லை.

23-வது நாள் ஒரு சம்பவம். அதுவரை 25 நிமிடம் நடந்தவன், அன்று கால் காற்றாகப் பறந்ததால் 50 நிமிடம் நடந்துவிட்டேன். செய்யும்போது வலி 1. மறுநாள் காலை 5! மழை பெய்ததால் குளிரில் வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கே அது உண்மை என்று பட்டது. ஆனால் ஒன்றரை மாதம் கழித்து லைன் சார்ட் போட்டுப் பார்த்தால், மூன்று இடத்தில் வலிக்கோடு எகிறியிருக்கிறது. மூன்றுக்கும் முந்தைய நாள், நடைக் கோடு ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது. மழை பெய்த மற்ற நாட்களில் வலி இல்லை. என் ஞாபகம் பொய் சொன்னது, பைல் சொல்லவில்லை.

"இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போதும். எழுதுவதுதான் முக்கியம். ஆனால் 45 நாளை ஒரே கோடாக ஒரு நிமிடத்தில் காட்டுவது நோட்டால் முடியாது. அந்தக் கோடுதான் என்னை மாற்றியது. அதை பிரின்ட் எடுத்து பிசியோதெரபிஸ்ட்டிடம் கொண்டுபோனேன். "எப்படி இருக்கு?" "பரவாயில்லை மேடம்" என்று இரண்டு வார்த்தையில் முடிகிற பேச்சு, அன்று கால் மணி நேரம் நடந்தது.

கம்ப்யூட்டர் செய்யக்கூடாத வேலை

இங்கே ஒரு எச்சரிக்கை. அடிபட்டவுடன் இன்டர்நெட்டில் தேடினால் ஆயிரம் வீடியோ வரும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் உங்களுக்கு அடிபட்டு எத்தனை வாரம் ஆகிறது என்பது வீடியோவில் பேசுகிறவருக்குத் தெரியாது. இப்போது ஏஐ உரையாடல் மென்பொருள்களிடமும் கேட்கிறார்கள். அவை அழகான தமிழில் பதில் சொல்லும், ஆனால் உங்கள் எலும்பை அழுத்திப் பார்க்க அவற்றுக்குக் கை இல்லை.

அழுத்திப் பார்ப்பது ஏன் முக்கியம் தெரியுமா? 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் கணுக்காலுக்கு எளிய விதி ஒன்றை உருவாக்கினார்கள். கணுவின் இருபக்க எலும்பு முண்டுகளின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலும், நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் சில எலும்புகளுக்கும் இதே மாதிரி விதி உண்டு. கால் மரத்துப் போனாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சலோடு மூட்டு சிவந்தாலும் பைலைத் திறக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செலவுக்குப் பயந்து பிசியோதெரபிக்குப் போகாதவர்கள் எங்கள் பக்கம் அதிகம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையையும் சேர்த்தார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு எரிச்சலும் எனக்கு உண்டு. மொபைலில் உடற்பயிற்சி ஆப் போட்டால், "தொடர்ந்து 12 நாள்! இன்றும் விடாதே!" என்று பதக்கம் காட்டி உசுப்பேற்றும். ஆரோக்கியமானவருக்கு அது நல்லதாக இருக்கலாம். காயம்பட்டவருக்கு ஓய்வெடுக்க வேண்டிய நாளில் ஓய்வெடுப்பதும் பயிற்சிதான். என் எக்ஸெல் பைல் பதக்கம் தராது. ஓய்வு என்று எழுதினால் அதையும் ஒரு வரிசையாகப் பேசாமல் வாங்கிக்கொள்ளும். அதனாலேயே அதை நம்புகிறேன்.

ஆயுத பூஜை ஆட்டம்

அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறைக்குப் பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம் பேசிவிட்டார்கள். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். "நீ சும்மா நின்னாப் போதும்டா" என்று கூப்பிட்டார்கள். நடந்தால் வலி 0, ஓடினால் 1. மனசு கிளம்பிவிட்டது.

அதற்கு முந்தைய நாள்தான் பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒரு சோதனையைச் செய்து பைலில் போட்டிருந்தேன். ஒற்றைக் காலில் அரை நிமிடம் குதிக்க வேண்டும். நல்ல இடது கால் 22 முறை குதித்தது. வலது கால் 15 முறை. எக்ஸெல்லில் சமக்குறி போட்டு, 15 இருக்கும் செல்லை கிளிக் செய்து, சாய்கோடு தட்டி, 22 இருக்கும் செல்லை கிளிக் செய்து என்டர் தட்டினேன். சதவீத பட்டனை அழுத்தியதும் 68 என்று வந்தது. விளையாட்டுக்குத் திரும்ப நல்ல காலில் குறைந்தது 90 சதவீதமாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

68 மதிப்பெண்ணோடு குதிக்கப் போகிறேனா? போன முறை அப்பா தூக்கிப்போன மூட்டை கண்ணில் வந்தது. வரவில்லை என்று சொன்னேன். இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. ஆட்டத்திலும் தோற்றார்கள். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாள் எனக்குக் காலைவிட மனசுதான் வலித்தது. அதற்கு என் பைலில் வரிசை இல்லை.

டிசம்பர் நடுவில் 22-க்கு 20. 91 சதவீதம். அதன் பிறகும் ஒரு மாதம் பந்தை நின்ற இடத்திலிருந்து அடிப்பது, மெதுவாகக் குதிப்பது, பக்கவாட்டில் ஓடுவது என்று ஏற்றிக்கொண்டே போய், பொங்கலுக்கு மைதானத்தில் இறங்கினேன். கணுக்காலுக்கு உறை போட்டுக்கொண்டு. ஆறு மாதம் ஆகியிருந்தது.

அப்பாவின் தோள்

இதை எழுதக் காரணம் என் வாலிபால் அல்ல. விளையாட்டு ஆசைக்கு ஆடுவது, விட்டாலும் சோறு கிடைக்கும். எங்கள் ஊரில் பலருக்கு உடம்பே முதலீடு. நாடாக் கயிற்றை இழுத்து இழுத்து அப்பாவுக்கு இந்த வருடம் வலது தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரை கொடுத்து, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அப்பா வழக்கம்போல, "ரெண்டு நாள் படுத்தா போயிரும், அப்புறம் முழு நாள் உக்காந்துக்கறேன்" என்றார். ஒன்று படுக்கை, இல்லையென்றால் முழு நாள் தறி. என் 17-வது நாள் அவசரம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது!

"அறுந்த இழைய முடிஞ்ச கையோட ஓங்கி அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க" என்றேன். சிரித்தார்.

என் பைலில் இரண்டாவது ஷீட்டைத் திறந்து 'அப்பா தோள்' என்று பெயர் வைத்தேன். பயிற்சி என்ற வரிசையில் பிசியோதெரபிஸ்ட் சொன்ன கை அசைவுகளோடு, 'தறி, மணி நேரம்' என்பதையும் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்தோம். வேலைக்குத் திரும்புவதும் பயிற்சிக்குத் திரும்புவதும் உடம்புக்கு ஒன்றுதான். தினமும் காலை காபி குடிக்கும்போது அவர் நம்பர் சொல்வார், நான் தட்டுவேன். "இன்னைக்கு ரெண்டு போட்டுக்க கண்ணு." இப்போது நாலு மணி நேரத்தில் இருக்கிறார். சென்ற வாரம் ஒரு சிவப்பு வந்தது. கேட்டால், எனக்குத் தெரியாமல் சாயந்திரம் ஒரு மணி நேரம் கூடுதலாக நெய்திருக்கிறார். மறுநாள் மூன்று மணி நேரத்துக்கு இறக்கினோம். அந்த வாரம் கூலி குறைந்தது. தோள் மறுபடி பிடித்து ஒரு மாதம் உட்கார்ந்தால் எவ்வளவு குறையும் என்பதையும் பக்கத்து வரிசையில் போட்டுக் காட்டினேன். அதன் பிறகு மறைக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் முதுகையோ முழங்காலையோ தோளையோ பிடித்துக்கொண்டு, "நாளைக்குச் சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். டாக்டரிடம் காட்டிய பிறகு, இன்றிரவு ஒரு புதிய பைலைத் திறந்து, அவர் பெயரைப் போட்டு சேவ் செய்யுங்கள். நாளைக் காலை காபியோடு முதல் எண்ணைக் கேளுங்கள்.